‘கவனக்குறைவு’ என்று எழுதி விபத்துக் கோப்பினை மூடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலர்களாக இருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன். 18 ஆண்டுகளாக இதே வேலையைப் பார்க்கிறேன், இப்போது கோவையில் உலோகப் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில். நாம் ஒருவருக்கொருவர் எழுதுவதெல்லாம் சுற்றறிக்கையும் படிவமும்தான். இன்று ஒரு சினிமாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிடுங்கள்.

2025 மே மாதம் ‘ஃபைனல் டெஸ்டினேஷன்’ வரிசையில் ஆறாவது படமான ‘பிளட்லைன்ஸ்’ வந்தது. தமிழ் மொழிமாற்றத்திலும் ஓடியது. எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஐடிஐ பையன்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்குக் கிளம்பினார்கள். “நீங்களும் வாங்க சார், படம் பூரா உங்க சப்ஜெக்ட்தானுங்க” என்றான் ஒருவன். ரத்தம் கொட்டும் படங்களை நான் பார்ப்பதில்லை. பார்த்த ரத்தமே போதும் என்று இருப்பவன். ஆனால் அவன் சொன்ன வார்த்தை உள்ளே போய்த் தைத்துவிட்டது, போனேன்.

இந்த வரிசையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெரிய விபத்து நடக்கப்போவது ஒருவருக்கு முன்கூட்டியே கண்ணில் தெரிகிறது. அவர் கத்திக் கூப்பாடு போட்டுச் சிலரை வெளியே இழுத்துவிடுகிறார். விபத்து நடக்கிறது, இவர்கள் பிழைக்கிறார்கள். ஆனால் கணக்கில் விடுபட்டவர்களைச் சாவு வரிசைப்படி தேடிவந்து எடுத்துக்கொள்கிறது. 2000இல் வந்த முதல் படத்தில் விமானம். 2003இல் நெடுஞ்சாலையில் மரக்கட்டை ஏற்றிய லாரி. 2006இல் ரோலர் கோஸ்டர், 2009இல் கார்ப் பந்தயத் திடல், 2011இல் தொங்கு பாலம். இந்த ஆறாவது படம் 1960களில் ஓர் உயரமான கோபுரத்தின் உச்சியிலுள்ள உணவகத்தின் திறப்பு விழாவில் தொடங்குகிறது. அன்று ஒரு பெண் எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறாள். பிழைத்தவர்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுக்கிறார்கள். பிறந்தே இருக்கக் கூடாதவர்கள் என்று அந்த வாரிசுகளையும் சேர்த்துச் சாவு துரத்துகிறது.

நம் ஊரில் எமனுக்கு ஓர் உருவம் உண்டு. எருமை உண்டு, பாசக்கயிறு உண்டு. அவனிடம் வாதாடலாம், கட்டிப்பிடித்துக்கொண்டு அழலாம். திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காகச் சிவனே அவனை உதைத்தார் என்று நம்பித்தான் என் அப்பா அம்மாவுக்கு அங்கே அறுபதாம் கல்யாணம் செய்துவைத்தோம். இந்தப் படத்தின் சாவுக்கு முகமே கிடையாது. அது காற்றாக வருகிறது, சிந்திய தண்ணீராக வருகிறது, தளர்ந்த திருகாணியாக வருகிறது. ஒரு சிறுவன் உயரத்திலிருந்து வீசும் செம்புக் காசாக வருகிறது. நண்பர்களே, 18 ஆண்டுகளில் நான் ஆலைக்குள் பார்த்த சாவுக்கும் முகம் இருந்ததில்லை. அது எப்போதும் இப்படித்தான் வந்திருக்கிறது.

அரங்கில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். இந்த மடலை எழுதவைத்ததே அதுதான்.

வீட்டுக் கொல்லைப்புறத்தில் உறவினர்கள் கூடிச் சாப்பிடும் காட்சி ஒன்று. கண்ணாடித் துண்டு ஒன்று ஐஸ் கட்டிகளோடு கலந்து குடிக்கும் டம்ளருக்குள் போய்விடுகிறது. கொஞ்ச தூரத்தில் பிள்ளைகள் குதிக்கும் டிராம்போலின். புல் வாருகிற இரும்பு வாரி ஒன்று பற்களைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. புல்வெட்டும் இயந்திரமும் இருக்கிறது. கேமரா ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவசரமே இல்லாமல் போகிறது. அரங்கு நிறைந்த கூட்டம், பெரும்பாலும் 20 வயதுக்காரர்கள். ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை. “அந்த டம்ளர்… டம்ளரைப் பாரு” என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள். என் பக்கத்தில் இருந்த பையன் இருக்கை நுனிக்கு வந்துவிட்டான். எது எதோடு சேரும், எது நழுவும், எங்கே போய் முடியும் என்று கண்ணால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

நாம் ‘ஆபத்தைக் கண்டறிதல்’ என்று பெயர் வைத்து, பவர்பாயின்ட் போட்டு, கையெழுத்து வாங்கிச் சொல்லிக்கொடுக்க முயல்வது இதைத்தான். நம் வகுப்பில் தூங்குகிற அதே பையன்கள் அங்கே இமைக்காமல் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

பிறகு சாவு நடந்தது. முகம் சிதைந்து ரத்தம் தெறித்தது. அரங்கில் சிலர் சிரித்தார்கள், சிலர் விசிலடித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். (இரண்டு வரிசை முன்னால் ஏழெட்டு வயதுக் குழந்தை ஒன்று அம்மா மடியில் முகம் புதைத்திருந்தது. வயது வந்தோருக்கு மட்டுமான படம் அது. டிக்கெட் கொடுத்தவர்களுக்கும் சரி, கூட்டிவந்தவர்களுக்கும் சரி, அந்தக் குழந்தையின் அன்றைய இரவு தெரிந்திருக்காது.) சிரித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த ரத்தம் சில நொடிதான். அது காட்டப்படும்போது மனசு தானாகக் கதவைச் சாத்திக்கொள்கிறது. சிரிப்பும் விசிலும் அந்தக் கதவுதான். கண் திறந்திருந்தது அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில்.

அங்கேதான் எனக்குச் சுரீர் என்றது. நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள் வந்தால் உறுதிமொழி, வாசகப் போட்டி, இனிப்பு. மற்ற நாட்களில் வாட்ஸ்அப் குழுவில் எங்கோ நசுங்கிய கை, எங்கோ கருகிய உடல். ‘எல்லோருக்கும் காட்டுங்கள், அப்போதுதான் பயம் வரும்’ என்று ஒரு வரி. நானே எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். ரத்தத்தை மட்டும் காட்டுகிறோம். அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை நாம் காட்டியதே இல்லை. ஏனென்றால் அதை நாம் எழுதிவைத்ததே இல்லை.

என் கையால் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறை. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை செய்த 24 வயதுப் பையனின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. ‘தொழிலாளியின் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து. இனிமேல் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது.’ அறிக்கையில் இரண்டே வாக்கியம், கீழே என் கையெழுத்து.

நடந்தது இது. அந்தப் பிரஸ்ஸை இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். தகட்டை அழுத்தும் அச்சான டைக்கு வெளியே இரண்டு கையும் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒரு பட்டனில் தீக்குச்சியைச் செருகி அழுந்திய நிலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். பழைய இயந்திரம், பட்டன் அழுந்தியே கிடப்பதைக் கண்டுபிடித்து நிறுத்தும் சுற்று அதில் இல்லை. தீக்குச்சி ஏன் என்றால், ஒரு கை மிச்சமானால் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை ஏன் கூட வேண்டும் என்றால், அன்று தகடு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது, ஷிஃப்ட் கணக்கு மட்டும் குறையவில்லை. துண்டு டைக்குள் சிக்கியது, ஊதித் தள்ள வேண்டிய காற்றுக் குழாய் மூன்று வாரமாகக் கசிந்துகொண்டிருந்தது. சிக்கியதை எடுக்கக் கொடுத்திருந்த இடுக்கி பக்கத்து இயந்திரத்துக்குப் போயிருந்தது, இரண்டு பேருக்கு ஒன்று. தலைக்கு மேலே டியூப் லைட் மினுக் மினுக்கென்று எரிந்தது. அவன் அடுத்தடுத்து இரண்டாவது ஷிஃப்டில் இருந்தான், மாற்றிவிட வேண்டியவர் ஆடி நோன்புக்கு ஊருக்குப் போயிருந்தார்.

இதில் எதையும் நான் அறிக்கையில் எழுதவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன பண்றதுங்க சாமி, அவன் விதி அப்படி எழுதியிருக்குது” என்றார். அந்த அம்மா என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

நண்பர்களே, விபத்தை மூட நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது. வீட்டில் ‘விதி’, அலுவலகத்தில் ‘கவனக்குறைவு’. ஒன்று பழியைக் கடவுள்மேல் போடுகிறது, மற்றது அடிபட்டவன்மேலேயே போடுகிறது. இரண்டுக்கும் பலன் ஒன்றுதான், அதன்பின் யாரும் காற்றுக் குழாயைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். தமிழில் தலைவிதிக்கும் விதிதான் சொல், சட்டப் புத்தகத்து ஒழுங்குக்கும் விதிதான் சொல். அந்த இரண்டாவது விதியை நாம் காக்கத் தவறிய இடத்திலெல்லாம் முதல் விதியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம்.

இந்தப் பட வரிசையும் கடைசியில் ‘விதி’ என்றுதான் சொல்கிறது. சாவிடம் ஒரு திட்டம் இருக்கிறது, தப்ப முடியாது என்கிறது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்கு அதன் முதல் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதில் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் பள்ளி மாணவர்களோடு கிளம்பும் விமானம் வானத்தில் வெடிக்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1996 ஜூலை 17 அன்று, நிஜமாகவே அதே வழியில் கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் 12 நிமிடத்தில் அட்லான்டிக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. 230 பேரும் இறந்தார்கள். அவர்களில் 16 பேர் பென்சில்வேனியாவின் மோன்டூர்ஸ்வில் என்ற சின்ன ஊரின் பள்ளிப் பிள்ளைகள், பிரெஞ்சு மொழி மன்றத்தார்.

அங்கே ஒரு குழு ‘விதி’ என்று எழுதாமல் உட்கார்ந்தது. கடலடியிலிருந்து சிதறல்களை அள்ளிவந்து, ஒரு பெரிய கொட்டகையில் உடைந்த தகடுகளை ஒன்றோடொன்று பொருத்தி விமானத்தின் உடலை மறுபடி நிற்கவைத்தார்கள். நான்கு ஆண்டு வேலை. 2000 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. நடுத் தொட்டியில் கொஞ்சம் எரிபொருள்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே குளிர்சாதனக் கருவிகள். விமானம் தரையில் நின்ற நேரம் முழுக்க அவை ஓடி, மேலே இருந்த தொட்டியைச் சூடாக்கின. எரிபொருள் ஆவியாகித் தொட்டியை நிரப்பியது. 25 வயதான விமானம், பழைய கம்பிகள். தொட்டிக்கு வெளியே எங்கோ நடந்த மின்கசிவு, எரிபொருள் அளவு காட்டும் கம்பி வழியாக உள்ளே போயிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவு சொன்னார்கள். அதன்பின், தொட்டிக்குள் தீப்பற்றும் ஆவி சேராமல் தடுக்க வேண்டும் என்று 2008இல் அமெரிக்க விமானத் துறை கட்டாயமாக்கியது. தொட்டியில் நைட்ரஜனை நிரப்பி ஆக்ஸிஜனைக் குறைக்கும் முறை அப்படித்தான் பரவலானது. கூற்றுவனைத் தாண்டிக் குதிப்பது என்றால் இதுதான். படத்தில் சாவை ஏமாற்ற ஆளுக்கொரு குறுக்குவழி தேடுகிறார்கள். இன்னொருவன் உயிரை எடுத்தால் தப்பலாமா, செத்துப் பிழைத்தால் தப்பலாமா என்று. கொட்டகையில் தகடு பொருத்தியவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

முதல் படம் வந்த நான்கே மாதத்தில், 2000 ஜூலை 25 அன்று, பாரிஸில் கான்கார்டு விமானம் விழுந்தது. சில நிமிடங்களுக்கு முன் அதே ஓடுபாதையில் ஏறிய வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்த முழங்கை நீள உலோகப் பட்டை. அதன்மேல் ஏறிய டயர் வெடித்தது, டயர்த் துண்டு இறக்கையின் அடியில் மோதியது, எரிபொருள் தொட்டி கிழிந்தது, தீ. விமானத்தில் 109 பேர், தரையில் 4 பேர். எந்தத் திரைக்கதையும் இதைவிடக் கச்சிதமாக ஒரு சங்கிலியை எழுத முடியாது. அந்தப் பட்டையை யார், எப்படிப் பொருத்தினார்கள் என்பதுவரை பின்னோக்கிப் போனார்கள்.

ஆறாவது படத்தில் மருத்துவமனைக் காட்சி ஒன்று இருக்கிறது. எம்ஆர்ஐ இயந்திரம் திடீரென்று இயங்கத் தொடங்கி, உடம்பில் உலோக வளையம் குத்திய ஒருவனை இழுக்கிறது. பையன்கள் வெளியே வந்ததும் கேட்டது இதைத்தான்: “சார், நிஜமா இழுக்குமா?” இழுக்கும் என்றேன். ஆனால் படத்தில் ஒரு பிழை இருக்கிறது, அந்தப் பிழை ஆபத்தானது. அங்கே இயந்திரம் ‘ஆன்’ ஆன பிறகுதான் காந்தம் இழுக்கிறது. நிஜத்தில் மருத்துவமனைகளில் உள்ள பெரும்பாலான எம்ஆர்ஐ கருவிகளின் காந்தம் அணைவதே இல்லை. ஸ்கேன் நடக்காதபோதும், ராத்திரி விளக்கணைத்துப் பூட்டிய பிறகும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், உறவினரைப் பார்க்க வந்த 32 வயதுக்காரர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய் உயிரிழந்தார். இயந்திரம் நிறுத்தித்தான் இருக்கிறது, கொண்டுபோகலாம் என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். பார்க்க வந்தவர் கையில் சிலிண்டர் எப்படி வந்தது? தூக்க வேண்டியவர் எங்கே? வாசலில் யாரும் இல்லையா? ஒவ்வொரு கேள்விக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி உண்டு. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது படத்து மரக்கட்டை லாரி உலகம் முழுக்க ஒரு தலைமுறையையே பயமுறுத்திவிட்டது என்பார்கள். கட்டை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் போகவே மாட்டேன் என்பவர்கள் உண்டு. நமக்குக் கட்டை வேண்டாம், கம்பி போதும். பின்பக்கம் நீட்டிக்கொண்டு, நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடும் கம்பி லாரிக்குப் பின்னால் இரவில் வண்டி ஓட்டாதவர் நம்மில் யார்? வண்டிக்கு வெளியே நீளும்படி கம்பி ஏற்றக் கூடாது என்று 2014இலேயே மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள். உங்கள் ஆலையின் வாசலில் இன்று நுழைகிற லாரியைப் பாருங்கள். அதைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது.

படத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். இந்த வரிசையில் பிணவறைக்காரராக வரும் டோனி டாட், இதை நடிக்கும்போது கடுமையான நோயில் இருந்தார். 2024 நவம்பரில், 69 வயதில், படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். அவருடைய கடைசிக் காட்சியில் ரசிகர்களிடம் சொல்ல விரும்புவதைச் சொந்த வார்த்தையில் சொல்லும்படி இயக்குநர்கள் விட்டுவிட்டார்களாம். மெலிந்த உடம்பு, அதே குரல். உயிர் அருமையானது, ஒவ்வொரு நொடியையும் அனுபவியுங்கள் என்ற பொருளில் பேசிவிட்டு எழுந்து போகிறார். அதுவரை விசிலடித்த அரங்கில் அப்போது ஒரு சத்தம் இல்லை.

இன்னொன்று, கோபுரம் எரியும் காட்சியில் உடம்பில் தீப்பற்றியபடி வருபவர்களில் ஒருவர் 71 வயதான பெண் சண்டைக் கலைஞர். ஓய்வு பெற்றவர், இந்தக் காட்சிக்காகத் திரும்பி வந்தவர். உடம்பு முழுக்கக் குளிர்ந்த ஜெல், அதன்மேல் தீ தாங்கும் உடை, தள்ளி நிற்கும் அணைப்பவர்கள், நொடிக் கணக்கு, கை ஜாடை. தீக் காட்சி என்றால் இந்தத் தொழிலில் இப்படித்தான் தயாராவார்கள். திரையில் அத்தனை பேரைக் கொன்ற படத்தில் அந்த அம்மா நெருப்புக்குள் நின்றுவிட்டு வீடு திரும்பினார். அந்தப் படம் வந்த இரண்டே மாதத்தில், ஜூலையில், நாகப்பட்டினம் அருகே ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில் காரைக் கவிழ்க்கும் சாகசக் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் இறந்துபோனார். அன்று மாலையே நான் கேட்ட முதல் வார்த்தை, “அவர் விதி, பாவம்” என்பதுதான். சொன்னவர் நல்ல மனிதர். பாதுகாப்பு அலுவலர், நம்மில் ஒருவர்.

படம் பார்த்த மறுநாள் திங்கள்கிழமை. காலை ஷிஃப்ட் தொடங்கி அரை மணி நேரத்தில் ஒரு பையன் என் மேசைக்கு வந்தான். “சார், மூணாம் நம்பர் மெஷினுக்கு மேல ஃபேன் ஆடுதுங்க. கீழ ஆயில் சிந்திக் கிடக்குது. அதுல கால் வழுக்குனா கை போற எடத்துல மறைக்கிற கார்டு இல்லீங்க.” மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னான். ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் எனக்கு ஆச்சரியம் இருந்திருக்காது. அவன் சங்கிலியைப் பார்த்திருந்தான். எட்டு மாதமாக என் வகுப்பில் உட்கார்ந்தும் அவனுக்கு வராதது அது. ஃபேனை அன்றே இறக்கினோம். எண்ணெய் கசிந்த சீலை மாற்ற இரண்டு நாள். கார்டு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் மூன்றாம் நம்பரை ஓட்டவிடவில்லை. அதற்காக நான் பட்ட பேச்சு தனிக் கதை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. உங்கள் அலமாரியில் இருக்கும் கடைசி மூன்று விபத்து அறிக்கைகளை எடுங்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ, அதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, அந்த இடத்தில் நடந்ததை எழுதுங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த இடுக்கி இல்லை, யார் லீவில் போயிருந்தார், தகடு எத்தனை மணிக்கு வந்தது. ஒரு பக்கம் போதாமல் இரண்டு பக்கம் போகும், போகட்டும். நிர்வாகம் முகம் சுளிக்கும் என்று எனக்கும் தெரியும். முதலில் உங்களுக்காக மட்டும் எழுதிவையுங்கள். அடுத்த வகுப்பில் நசுங்கிய கையின் படத்தைக் காட்டாமல் அந்த இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். இயந்திரத்தின் பெயர் சொல்லி, மணி சொல்லி, மெதுவாக.

நான் தொடங்கிவிட்டேன். மூன்று விரல் போன அந்தப் பையனின் அறிக்கையை நினைவிலிருந்து திரும்ப எழுதினேன், நான்கு பக்கம் வந்தது. இப்போது 36 வயதான அவன் அன்னூர்ப் பக்கம் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறான். போன வாரம் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கடையிலேயே நின்று முழுக்கப் படித்தான். “அந்த இடுக்கி பக்கத்து மெஷினுக்குப் போகலீங்க சார், உடைஞ்சு போயி ஸ்டோருக்குத் திருப்பிக் குடுத்துட்டோம். புதுசு கேட்டு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன்” என்றான். அந்த வரியை அவன் கண்முன்னாலேயே திருத்தினேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து,
உங்களில் ஒருவன்